எந்திரத்தின் நாடி பிடித்த நாயுடு

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது பெரிய பீப்பாய்கள் சுழலும் ஓசை. ஆள் உயரத்துக்கும் மேலான அந்தப் பீப்பாய்களுக்குள் தோலும் தண்ணீரும் பதனிடும் சரக்கும் சேர்ந்து மணிக்கணக்கில் புரளுகின்றன. பீப்பாயைச் சுழற்றுவது பக்கத்தில் இருக்கும் மின்சார மோட்டார். பழகிய தொழிலாளி அந்த மோட்டாரைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஓசை கொஞ்சம் மாறினாலே போதும். பேரிங் தேய்ந்துவிட்டதா, பெல்ட் தளர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

அதே ஊருக்கு வெளியே, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில், ஒரு குடும்பம் காரை ஓரம் கட்டிவிட்டுத் தவிக்கிறது. கார் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சுங்கச் சாவடியில் வரிசையில் நின்றதும் என்ஜின் நடுங்குகிறது. மெக்கானிக்குகள் சொல்லும் ‘ரேஸ்’ தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. திடீரென்று என்ஜின் அணைந்துவிடுகிறது. காரின் சொந்தக்காரர் பானெட்டைத் தூக்குகிறார். உள்ளே ஒரே ஒயர்க் காடு! பார்த்ததும் பயம் வந்துவிடுகிறது. உடனே மூடிவிடுகிறார்.

தோல் ஆலைத் தொழிலாளிக்கு இருக்கும் துணிவு கார்க்காரருக்கு ஏன் இல்லை? எந்திரம் என்பது யாரோ பெரிய படிப்புப் படித்தவர்களின் விஷயம், நாம் தொடக்கூடாது என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்றவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் கல்லூரி வாசலை மாணவராக மிதித்ததில்லை. ஆனாலும் பொறியியல் கல்லூரிக்கே தலைவராக இருந்தார். அவர்தான் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு.

கிராமத்துப் பிள்ளை

கோவைக்கு அருகே கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தையின் பெயர் கோபால்சாமி நாயுடு. இருவர் பெயரும் சேர்ந்துதான் பின்னாளில் ஜி. டி. என்று ஆயிற்று.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆரம்பப் படிப்போடு ஏட்டுக் கல்வி முடிந்துவிட்டது. வயலும் வரப்பும் மாடும் ஏருமாகவே வாழ்க்கை போயிருக்கும். ஆனால் ஒரு நாள் கிராமத்துக்குள் ஒரு விசித்திரமான வண்டி வந்தது.

இரண்டே சக்கரம். மாடு இல்லை, குதிரை இல்லை. புகையைக் கக்கிக்கொண்டு தானாக ஓடிற்று! வருவாய்த் துறையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிள் அது. ஊரே வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தது. வாலிபரான துரைசாமியின் மனம் மட்டும் கலையவில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை.

தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்த வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்வது. கையில் பணம் இல்லை. கோவை நகருக்குச் சென்று ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசைக் காசாகச் சேர்த்தார். கடைசியில் அதிகாரியிடம் பணத்தைக் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார்.

வாங்கிய வண்டியை வேறு யாராவது என்றால் ஊர் சுற்ற எடுத்திருப்பார்கள். அவரோ அதைக் கழற்றினார். மீண்டும் பூட்டினார். மறுபடியும் கழற்றினார். எந்த உறுப்புக்கு என்ன வேலை என்று அவருக்குச் சொல்லித்தர வாத்தியாரும் இல்லை, புத்தகமும் இல்லை. வண்டியே பாடப் புத்தகம், விரல்களே வாத்தியார். இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

மூன்று பொருள், ஓர் உயிர்

அந்த எந்திரத்துக்குள் அவர் என்ன கண்டிருப்பார்? பெட்ரோல் என்ஜின் ஓடுவதற்கு மூன்று பொருள் வேண்டும். பெட்ரோல் ஒன்று, காற்று ஒன்று, தீப்பொறி ஒன்று. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வண்டி முரண்டு பிடிக்கும். அப்படியானால், முரண்டு பிடிக்கும் வண்டியில் பார்க்க வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

இதைப் பட்டறை இல்லாத நடுவழியில் செய்து காட்டிய ஒரு பெண்மணி உண்டு. ஜெர்மனியில் மோட்டார் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு நூறு கிலோ மீட்டருக்கு மேல் அந்தக் காரில் பிரயாணம் செய்தார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். தீப்பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர் தேய்ந்துவிட்டது. காலுறையைக் கட்டும் நாடாவை அதன்மேல் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சென்று அதன்மீது தோலை அடிக்கச் செய்தார். முதல் நீண்ட கார்ப் பிரயாணத்தைக் காப்பாற்றியதில் தோலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் பெருமைப்படக்கூடிய செய்தி!

பெர்த்தாவுக்கும் துரைசாமி நாயுடுவுக்கும் இடையே பல ஆயிரம் மைல் தூரம். ஆனால் இருவருக்கும் புத்தி ஒன்றுதான். எந்திரம் நின்றால் அழாதே. எங்கே நின்றது என்று தேடு!

பஞ்சில் வந்தது, பஞ்சாய்ப் பறந்தது

வாழ்க்கை அவருக்கு நேர்ச்சாலையாக அமையவில்லை. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல பணம் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போனார். பஞ்சு வியாபாரத்தில் போட்டார். அத்தனையும் போய்விட்டது.

வெறுங்கையோடு திரும்பியவருக்கு மிஞ்சியது ஒன்றுதான். அது எந்திரத்தைப் பற்றிய அறிவு. பணத்தை இழக்கலாம், கையில் ஏறிய தொழிலை இழக்க முடியாது. அந்தத் தொழிலின் மேல் நம்பிக்கை வைத்தவர் கோவையில் வாணிபம் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவருடைய உதவியால் நாயுடுவுக்குக் கடனில் ஒரு பஸ் கிடைத்தது.

1920-ம் ஆண்டு அந்த ஒரே பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. பஸ் நடுவழியில் நின்றால் அன்றைய வசூல் போயிற்று. கடன் தவணையும் நின்றுவிடும். பணம் கொடுத்து ஏறிய பிரயாணிகள் வெயிலில் நிற்பார்கள். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியபோது அது ஆசை. இப்போது அதுவே சோறு.

பஸ் ஒன்று பலவாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அவருடைய கம்பெனியை மக்கள் யு.எம்.எஸ். என்று அழைத்தார்கள். நாட்டிலேயே மிகத் திறமையாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று அது பெயர் எடுத்தது. ஓட்டலில் பரிமாறிய பையன் கொங்கு நாட்டுச் சாலைகளின் மன்னர் ஆகிவிட்டார்.

தோல் பெல்ட்டிலிருந்து மின் மோட்டாருக்கு

அந்தக் காலத்து ஆலைகளில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. ஒரு பெரிய என்ஜின் ஓடும். கூரையை ஒட்டி ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி, கீழே உள்ள எந்திரங்களை ஓட்டும். ஒரு பெல்ட் அறுந்தால் ஓர் எந்திரம் நிற்கும். என்ஜினே படுத்துவிட்டால் ஆலை முழுவதும் படுத்துவிடும். ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு மின்சார மோட்டார் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். விலையும் அவர்கள் சொன்னதுதான்.

இந்த நிலையை மாற்ற நாயுடு முனைந்தார். கோவை பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் இருந்தது. டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937-ம் ஆண்டு அங்கே மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று போற்றப்படுவது அதுதான். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் என்ற புகழ் பெற்ற தொழிற்சாலையை நிறுவினார். கோவை நகரம் மோட்டாருக்கும் பம்ப்செட்டுக்கும் பெயர் பெற்ற ஊராக வளர்ந்தது. வயல் கிணற்றில் தண்ணீர் இறைக்கவும், ஆலையில் எந்திரம் சுழற்றவும் வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்த காலம் மாறியது.

சிறிய மோட்டாரிலும் அவருக்கு ஆசை உண்டு. உலர்ந்த பாட்டரியில் ஓடும் மிகச் சிறிய மோட்டாரை வைத்து ‘ரேசண்ட்’ என்ற மின்சாரச் சவரக் கருவியை உருவாக்கினார். மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு எந்திரம் என்று அவருடைய மூளை ஓய்வில்லாமல் வேலை செய்தது. காமிராவும் அவர் கைக்கு அடங்கியது. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். இந்தியாவின் எடிசன் என்று அவரை மக்கள் அழைத்தார்கள்.

கிடைக்காத லைசென்சு

கண்டுபிடிப்பதோடு அவர் திருப்தி அடையவில்லை. கண்டுபிடித்தது ஏழை வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான்!

ஆனால் அந்தக் காரைத் தொடர்ந்து தயாரிக்க அரசாங்கம் லைசென்சு கொடுக்கவில்லை. உற்பத்தி நின்றுவிட்டது. எந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் வித்தை நாயுடுவுக்குத் தெரியும். சர்க்கார் கோப்பு நின்றால் அதைக் கழற்றிப் பூட்ட எந்த ஸ்பானர் இருக்கிறது?

இதற்கு முன்பே அவர் மனத்தில் ஒரு காயம் உண்டு. அது படிப்பைப் பற்றியது. 1945-ல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழில் நுட்பக் கல்வி நிலையம் எழுந்தது. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆரம்பப் பள்ளிக்கு மேல் போகாத நாயுடு அதன் முதல்வர் ஆனார். அங்கே உருவான பொறியியல் கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

பொறியியல் படிக்க நான்கு ஆண்டு எதற்கு என்பது அவர் கேள்வி. இரண்டு ஆண்டு போதும் என்றார். ஒரே கட்டடத்தில், ஒரே எந்திரங்களை வைத்துக்கொண்டு, ஆலையைப் போல ஷிப்டு முறையில் பாடம் நடத்தினால் இன்னும் பல ஏழைப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் யோசனை. பிரிட்டிஷ் அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

இரண்டு ஆண்டு போதுமா, போதாதா என்று இன்றும் வாதாடலாம். பாலமும் அணையும் கட்டுகிறவருக்கு ஆழ்ந்த கணக்கு தேவை. அதை அவசரத்தில் கற்க முடியாது. ஆனால் நாயுடுவின் கவலை நியாயமானது. அறிவு சிலர் வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடக்கக்கூடாது. ஓட்டலில் பரிமாறும் பையனுக்கும் அது எட்ட வேண்டும். தாம் வந்த வழியை அவர் மறக்கவில்லை.

செல்வத்தையும் அவர் தமக்கென்றே வைத்துக்கொள்ளவில்லை. 1944-ல் மோட்டார்த் தொழில் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கியபோது, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித் தொகையும், தம் தொழிலாளர்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் நலத் திட்டங்களும் அறிவித்தார். 1967-ல் கோவையில் நிலையான தொழில் கண்காட்சியை ஏற்படுத்தினார். எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சாதாரண மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பது நோக்கம். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, 80-வது வயதில் காலமானார்.

வீட்டில் நாடி பார்ப்பது எப்படி?

மறுபடி ஆம்பூர்ச் சாலையில் நிற்கும் அந்தக் காருக்கு வருவோம்.

மனிதன் தூங்கும்போதும் இருதயம் துடிக்கிறது. அதுபோலக் கார் நிற்கும்போதும் என்ஜின் மெல்லத் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு ‘ஐடில்’ என்று பெயர். பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை இருக்கும். பழைய கார்களில் கார்புரேட்டர் திருகைத் திருப்பி இதைச் சரி செய்தார்கள். பின்னால் வந்த பல கார்களில் காற்று வழியைத் திறந்து மூட ஒரு சின்னஞ்சிறு மின் மோட்டார் இருக்கிறது. ரேசண்ட் கருவிக்குள் இருந்ததைப் போன்ற சிறு மோட்டார்! இன்னும் புதிய கார்களில் காற்று வாயிலையே மோட்டார் அசைக்கிறது. எவ்வளவு திறக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது காரின் கம்ப்யூட்டர் பெட்டி.

உத்தரவு ஒயர் வழியே போகிறது. வழியில் தடை இருந்தால் உத்தரவு போய்ச் சேராது. அப்போதுதான் ரேஸ் ஏறி இறங்குகிறது. ஆகவே, பயப்படாமல் வரிசையாகத் தேட வேண்டும்.

காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட விட்டால் புகை உயிரைக் குடிக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் விசிறிப் பக்கம் போகக் கூடாது.

முதலில் கேளுங்கள். குளிர்ந்த என்ஜின் நடுங்குகிறதா, சூடான பிறகா? ஏ.சி. போட்டால் மட்டுமா, விளக்குப் போட்டால் மட்டுமா? எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அல்லது கவ்வி ஆடினால், மின்சாரம் ஒழுங்காகப் போகாது. ஒரு மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். ஓய்வில் நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். குறைந்தால் கோளாறு பாட்டரியிலோ, அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ இருக்கலாம்.

மூன்றாவது, பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, காற்று வாயிலுக்குப் போகும் ஒயரின் இணைப்பைப் பாருங்கள். தளர்ந்திருக்கிறதா? உள்ளே இருக்கும் ஊசிகளில் களிம்பு ஏறியிருக்கிறதா? ஒயரை எலி கடித்திருக்கிறதா? என்ஜினையும் கார் உடம்பையும் இணைக்கும் எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா? நான்காவது, ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு உண்டா, காற்று வாயிலில் கரி படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லா ஐடில் கோளாறும் மின்சாரக் கோளாறாக இருப்பதில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போகும். பாட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்களில் கம்ப்யூட்டர் பெட்டி தன் பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியிருக்கும்; கொஞ்ச நேரம் ஐடில் தடுமாறினால் கலங்க வேண்டாம். இத்தனை பார்த்தும் சரியாகவில்லையா? நோட்டை எடுத்துக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு போகிறவருக்கும், பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. தேவையில்லாத பாகத்தை அவர் தலையில் யாரும் கட்ட முடியாது.

கோவை அவினாசி சாலையில் நாயுடுவின் குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. அதே சாலையில் 2025-ல் திறந்த நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான கார்கள் அதன்மேல் பறக்கின்றன.

ஆனால் நாயுடுவுக்குப் பிடித்த நினைவுச் சின்னம் வேறொன்றாகத்தான் இருந்திருக்கும். ஆம்பூர்ச் சாலையோரம் பயந்து பானெட்டை மூடிய அந்தக் குடும்பத்தலைவர், மறுநாள் காலையில் மீண்டும் அதைத் திறக்கிறார். பக்கத்தில் அவர் பிள்ளை டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பாட்டரிக் கவ்வியில் பூத்திருந்த பச்சைக் களிம்பை முதலில் கண்டுபிடிப்பவன் அந்தப் பிள்ளைதான். துடைத்து, இறுக்கி, சாவியைத் திருப்புகிறார்கள். என்ஜின் நடுங்காமல் துடிக்கிறது.

அந்தப் பிள்ளை இனி எந்த எந்திரத்தையும் கண்டு பயப்பட மாட்டான்.